கோவளம் திருப்பத்தில் மாட்டிய போர்டு

786

செங்கல்பட்டு,
ஏப்ரல் 17, வெள்ளி.

அன்பு மகள் ஜன்னாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மா ஷாஜாதியும் எழுந்து நடமாடிக்கொண்டு நலமாக இருக்கிறோம், ஷெஃபீல்டு குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் அண்டாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அத்தா எதற்குப் பேனாவை எடுத்தார் என்று பயந்துவிடாதே. போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ டாக்டராக மாறி ஒன்பது கேள்வி கேட்பாய், நான் கோபப்பட்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. என் தங்கச்சி மகன் முபஷ்ஷிர் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். முப்பதாம் தேதிக்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். உட்கார்ந்து படி, ஆஸ்பத்திரியில் டியூட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே.

வீட்டு சமாச்சாரம் முதலில். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, கொளவாய் ஏரிக் காற்று வந்தால்தான் மாலையில் மூச்சு விட முடிகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள். அந்த மாடியில்தான் உனக்காக நான் கட்டி வைத்த கிளினிக் ரூம் பதினொரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. இந்த மாதம் இரண்டாம் தேதி நீ போனில் பேசினாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் மைதானத்தில் விழுந்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், ஐம்பது நிமிஷம் போராடியும் அவன் போய்விட்டதையும், அவன் தாயிடம் நடைவழியில் நின்று நீதான் சொன்னதையும், அழக்கூட நேரமில்லாமல் இரண்டு மணிக்கு ஜூனியர் டாக்டர்களுக்கு கிளாஸ் எடுக்கப் போனதையும் சொன்னாய். நான் யாருக்குமே டாக்டர் இல்ல அத்தா, வர்றவங்க என் பேரைக்கூடக் கேக்கறதில்ல, பொழைச்சா மாடி வார்டுக்குப் போயிடறாங்க, இல்லன்னா பிணவறைக்குப் போயிடறாங்க என்று சொன்னாய். கடைசியில், நான் வேலையை விடறேன், முப்பதாம் தேதிக்குள்ள லெட்டர் குடுத்துடறேன், வந்து நீங்க சொன்ன மாதிரியே கிளினிக்ல உக்காந்துக்கறேன், போர்டு அடிச்சு மாட்டிடுங்க அத்தா என்றாய். பதினொரு வருஷமாக நான் காது குளிரக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்னால் இங்கே ஒன்று நடந்திருந்தது, அதை நாங்கள் உன்னிடம் மறைத்துவிட்டோம். அதைச் சொல்லாமல் உன்னை லெட்டர் கொடுக்க விட்டால் நான் உனக்குத் துரோகம் செய்தவனாவேன்.

அதற்கும் முன்னால் இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஷெஃபீல்டில் அவசர சிகிச்சை டாக்டராகச் சேர்ந்த வருஷம் அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பொண்ணு எந்த பாகத்துக்கு டாக்டர் பாய் என்று கேட்டார். கண்ணுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் இருக்கும்போது நீ எந்த பாகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேஷுவால்டி என்று சொன்னால், மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் டியூட்டி டாக்டர் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது. பிரியாணியைப் பார்த்துக்கொண்டே இருதயம் என்று சொல்லிவிட்டேன். அன்று ஆரம்பித்த பொய் இந்த மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் ஏன் அத்தா எனக்கே ஈசிஜி அனுப்பறாங்க என்று நீ எத்தனை முறை கேட்டிருக்கிறாய், ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்து யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பதில் எழுதுவாயே, அதற்கெல்லாம் காரணம் நான்தான். நான் போர்டு அடிக்கிறவன். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் எத்தனை டாக்டருக்கு நம் கடையில் போர்டு அடித்திருக்கிறோம். பெயர் பெரிதாக, அதன் கீழே படிப்பு வரிசையாக, அதன் கீழே என்ன நிபுணர் என்று சிவப்பில் ஒரு வரி. எனக்குத் தெரிந்த டாக்டர் என்றால் அந்த மூன்று வரிதான். கேஷுவால்டி டாக்டருக்குப் போர்டு அடித்துக் கொடு என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. அதனால் வீட்டிலும் எல்லாரிடமும் அடித்துச் சொல்லி வைத்திருந்தேன், எனக்கு ஏதாவது என்றால் கேஷுவால்டியில் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், நேராகப் பெரிய ஸ்பெஷலிஸ்டிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் நீ ஒரு நோட்டீஸ் எழுதி அனுப்பினாய். உங்கள் ஆஸ்பத்திரிக்கு நோன்பு நாட்களில் சர்க்கரை இறங்கி மயங்கி வருகிறவர்களை மூன்று வருஷமாகக் கணக்கெடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருப்பதாகவும், அதில் கண்டதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி அங்கே நாலு மொழியில் போட்டதாகவும், தமிழில் மட்டும் அத்தா அடித்துத் தந்தால் நம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் ஒட்டலாம் என்றும் சொன்னாய். நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். தலைப்புக்குப் பச்சை, வரிக்கு வரி சரியான இடைவெளி, சந்திப் பிழை இரண்டு இருந்தது திருத்தினேன். கீழே உன் பெயரையும் படிப்பையும் பெரிதாகப் போட்டு அனுப்பினால், பேர் வேணாம் அத்தா, செய்தி போதும், எழுத்தை இன்னும் பெருசாக்குங்க என்று திருப்பி அனுப்பினாய். மனசுக்குச் சங்கடமாக இருந்தாலும் எடுத்துவிட்டேன். முந்நூறு அடித்தோம். நம் லட்சுமணன் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் பள்ளிவாசல் பள்ளிவாசலாகக் கொடுத்து ஒட்ட வைத்தான், போர்டு மாட்டப் போன ஆஸ்பத்திரிகளிலும் மிச்சத்தைக் கொடுத்தான். இருபத்திரண்டு வருஷமாக நம் கடைக்குப் போர்டு மாட்டுகிறவன், அவனுக்கு எந்தச் சுவரில் எது நிற்கும் என்று தெரியும். இதில் கேவலம் என்னவென்றால், முந்நூறு அடித்த நான் அதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் அது, எழுத்தைப் பார்ப்பேன், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். சாவு போஸ்டர் அடிக்கும்போது செத்தது யார் என்றே தெரியாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன், உன் அம்மாதான் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, அய்யோ இவரா என்பாள்.

நோன்பு இருபது. அன்று விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது, உன் அம்மா சோறு எடுத்து வைப்பதற்குள் நேரம் நெருங்கிவிட்டது. ஒரு பேரீச்சம்பழம் தின்று, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமாகக் காலையில் போடும் சர்க்கரை மாத்திரையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். மாத்திரையைத் தவறவிடாமல் போட்டோமே என்று எனக்குப் பெருமை வேறு. மத்தியானம் மாமல்லபுரத்தில் ஒரு மீன் ஹோட்டலுக்குப் பன்னிரண்டு அடி போர்டு மாட்ட நானும் லட்சுமணனும் நம் குட்டி யானை லோடு வண்டியில் போனோம். மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. வெயில் என்று நினைத்தேன். லட்சுமணன் ஏணி மேலிருந்து, இன்னா பாய் ஒரு மாதிரியா பேசினுகீற, வாய் குழறுது என்றானாம். நான் அவனைக் கண்டபடி திட்டினேனாம், அவன் அப்பனையும் சேர்த்து. ஹோட்டல்காரர் பதறிப்போய்ச் சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார், நோன்பாளிக்கு ஜூஸ் கொடுக்கிறாயா என்று தட்டிவிட்டேனாம், முழுக்க லட்சுமணன் சட்டையில். அதற்குப் பிறகு வலது கை தொங்கிவிட்டது. இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், என் நினைவில் அந்த ஜூஸ் டம்ளர் வரைக்கும்தான் இருக்கிறது.

பக்கவாதம் என்றே அவன் முடிவு செய்துவிட்டான், யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வண்டியில் என்னைச் சாய்த்து உட்கார வைத்து, ஹோட்டல் சமையல்காரர் ஒருவரை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முபஷ்ஷிருக்குப் போன் போட்டிருக்கிறான். முபஷ்ஷிர் நான் சொல்லி வைத்த பாடத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறான், வழியில எங்கயும் நிறுத்தாதீங்க, கேஷுவால்டில போட்டா அவ்ளோதான், நேரா மெட்ராஸ் போங்க, நாம போர்டு அடிச்சுக் குடுத்தோமே மூளை ஸ்பெஷலிஸ்ட், அவர்கிட்ட நான் டோக்கன் போடறேன் என்று. நோன்பு திறக்கிற நேரம் நெருங்குகிறது, ஈசிஆரில் வண்டி மேல் வண்டி. கோவளம் வருவதற்குள் நான் கூப்பிட்டதற்கு ம் கூடச் சொல்லவில்லையாம். லட்சுமணன் அங்கே என்ன நினைத்தான் என்று பிறகு கேட்டேன். பாய், நீ தலைய தொங்கப் போட்டுகினு கீற, மெட்ராஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆவும், படூர்ல போன தை மாசம் நாமதான அந்த ஆஸ்பத்திரிக்கு செவப்பு அம்புக்குறி போர்டு மாட்டனோம், அது ஞாபகம் வந்துச்சு, உம் பேச்ச கேட்டா நீ பொணமாத்தான் எறங்குவன்னு திருப்பிட்டேன் என்றான். திருப்பியவன் கேளம்பாக்கம் போகிற வழியைத் தவறவிட்டு, கொஞ்ச தூரம் போய் மறுபடி திரும்பி வந்திருக்கிறான், ஏனென்றால் அந்தத் திருப்பத்தில் ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு போர்டும் கிடையாது. படூர் சாலைக்கு வந்த பிறகுதான் நாங்கள் மாட்டிய அம்புக்குறி கண்ணில் பட்டதாம்.

ஜன்னா, இப்போது நான் எழுதப்போவது உனக்குத் தினசரி வேலை, உனக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் புதுசு, அதனால் பொறுமையாகப் படி. வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் இழுத்துப் போட்டார்களாம். லட்சுமணன் பக்கவாதம் பக்கவாதம் என்று கத்துகிறான். பிரதீபா என்று ஒரு சின்ன டாக்டர், நீ படித்த அதே படிப்பில் கடைசி வருஷம், என் பெயரைக் கேட்கவில்லை, இன்சூரன்ஸ் கார்டு எங்கே என்று கேட்கவில்லை, முதல் காரியமாக விரலில் ஊசி குத்திச் சர்க்கரையைப் பார்த்திருக்கிறாள். முப்பத்தொன்று. பக்கவாதம் என்று நம்பிக்கொண்டு வந்தவர்களின் பேச்சைக் கேட்டு அவள் ஓடவில்லை. நரம்பில் குளுகோஸ் ஏற்றினாள், கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் திறந்தது, தொங்கின கை தானாக மேலே வந்தது. கண் திறந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை கலிமாவோ உன் அம்மா பெயரோ இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் சாய்ந்து ஒட்டியிருந்தது, அதைப் பார்த்து, யார்ரா இவ்ளோ கோணலா ஒட்டினது என்றேன். லட்சுமணன் அழுதுகொண்டே, நான்தான் பாய், அவசரத்துல ஒட்டிட்டேன் என்றான். பச்சைத் தலைப்பு. நம் கடை எழுத்து. உன் நோட்டீஸ்.

படுத்த இடத்தில் வேறு வேலை இல்லாமல் முதல் தடவையாக அதைப் படித்தேன். நோன்புக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் மாத்திரையை மாற்றிக் கேளுங்கள். காலை மாத்திரையை அப்படியே சஹருக்குப் போடாதீர்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. வியர்த்தால், கை நடுங்கினால், பேச்சு குழறினால் அந்த நிமிஷமே நோன்பைத் திறந்துவிடுங்கள், அல்லாஹ் உங்களுக்குச் சிரமத்தை விரும்பவில்லை. ஒவ்வொரு வரியும் எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. நீ எனக்காகவும்தானே எழுதினாய், சர்க்கரைக்காரன் அத்தா படித்துவிட்டு அடிப்பார் என்று நம்பித்தானே அனுப்பினாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அழுதேன். நோன்பு முறிந்துவிட்டதே என்று அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பிரதீபா, அதை அப்புறம் கணக்கு தீத்துக்கலாம் அங்கிள், இப்ப கஞ்சி குடிங்க என்று தட்டிக்கொடுத்தாள். அப்போதுதான் வாய் தானாகத் திறந்து, அது என் பொண்ணு எழுதினது என்றேன். அவள் நம்பவில்லை. மேடம் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, அவசர சிகிச்சை என்று சொன்னேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பேரு போடாததால யாருன்னே தெரியல அங்கிள், இதைப் பாத்துட்டுத்தான் இந்த மாசம் வர்ற எல்லார்கிட்டயும் நோன்பான்னு கேக்கறோம் என்றாள்.

அதற்குள் முபஷ்ஷிர் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கார் எடுத்து வந்துவிட்டான். மாமா எழுந்து உட்கார்ந்துட்டாரே, மெட்ராஸ் ஸ்பெஷலிஸ்ட் காத்திருக்கார், கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறேன் என்று குதித்தான். நானும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன், உடம்பு கல்லு மாதிரி இருந்தது. பிரதீபா, தடுக்க எனக்கு உரிமை இல்ல சார், ஆனா இந்த மாத்திரை போகப் போகத் திரும்பவும் சர்க்கரையைக் கீழே இழுக்கும், கார்ல போகும்போது இழுத்துச்சுன்னா யார் பாப்பாங்க, எட்டு மணி வரைக்குமாவது இருங்க, கெஞ்சிக் கேக்கறேன் என்றாள். உன் அம்மாதான், அவ சொல்றத கேளுங்க, நம்ம பொண்ணு மாதிரிதான என்று என்னை அழுத்தி உட்கார வைத்தாள். எட்டுக்கு முன்னாலேயே மறுபடி வியர்த்தது. நாற்பத்தைந்து. இந்த முறை எனக்குப் பாதி நினைவு இருந்தது, அதனால் பார்த்தேன். பிரதீபா ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் டாக்டர் ஹெலன் என்று அவளுடைய பேராசிரியை வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மருந்தைத் தொடவில்லை, என்னையும் தொடவில்லை. அடுத்தது என்ன பண்ணப் போற என்று மட்டும் கேட்டார், அவள் சொன்னாள், சரி பண்ணு என்றார். இவ்வளவு பெரிய டாக்டர் தானே செய்யாமல் சின்னப் பெண்ணை விட்டு வேடிக்கை பார்க்கிறாரே என்று அந்த மயக்கத்திலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கண் என்மேல் இல்லை, அவள் கைமேல் இருந்தது. ஒரு அசைவு தப்பாக இருந்தாலும் பாய்ந்துவிடுவார் என்று தெரிந்தது. ரப்பர் பொம்மையை வைத்து கிளாஸ் எடுப்பேன் அத்தா, அப்புறம் நிஜ ஆளு வரும்போது பக்கத்துல கையைக் கட்டிட்டு நிப்பேன், அதுதான் ரொம்பக் கஷ்டம் என்று நீ ஒரு முறை சொன்னபோது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா இவ்வளவு படித்தாய் என்று கிண்டல் செய்தேன். அன்றைக்கு அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நம் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், விட்ட நோன்புகளைப் பற்றி இமாமிடமும் கேட்டுக்கொண்டேன், பயம் ஒன்றுமில்லை. உன் அம்மா மட்டும் இன்னும் விடவில்லை, ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடிச்சீங்களே, ஒண்ணக் கொண்டாந்து வூட்ல ஒட்டணும்னு தோணலையா என்று நாளுக்கு மூன்று வேளை கேட்கிறாள், இப்போது ஃபிரிட்ஜ் மேலே ஒன்று ஒட்டியிருக்கிறது. பெருநாள் அன்று பேரீச்சம்பழமும் பிரியாணியும் எடுத்துக்கொண்டு படூர் போனேன். வந்தபோது பெயரைக்கூடக் கேட்காமல் பிழைத்தவன் நான், போகும்போதும் நன்றி சொல்லாமல்தான் கிளம்பியிருந்தேன். பிரதீபா என்னைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் யாரென்றே தெரியாமல் விழித்தாள், சர்க்கரை முப்பத்தொன்று என்றதும் சிரித்தாள். ரெண்டரை வருஷத்துல இப்படித் திரும்பி வந்தவங்கள்ல நீங்க மூணாவது ஆளு அங்கிள் என்றாள். அவள் அப்பா ஊரில் பஸ் கண்டக்டராம், எப்பம்மா தனியா ஒரு கிளினிக் போடுவே என்று அவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டாம் தேதி உன் போன் வந்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். பதினொரு வருஷமாக உனக்கென்று ஒரு அக்ரிலிக் ஷீட் எடுத்து வைத்திருக்கிறேன், ஆறடிக்கு மூன்றடி, கண்ணாடி மாதிரி, லட்சுமணன்கூடத் தொடக் கூடாது. அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு உன் பெயரை அடித்தேன். படிப்பை அடித்தேன், இடமே போதவில்லை. மூன்றாவது வரிக்கு வந்தேன். என்ன நிபுணர் என்று போடுவது? கிளினிக்கில் உட்கார்ந்து காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் எழுதிக் கொடுப்பது ஒன்றும் மட்டமான வேலை இல்லை, நம் ஊர் டாக்டர் அதைத்தான் செய்து நம் எல்லாரையும் வளர்த்தார். ஆனால் நீ கற்றது அதுவல்ல. நினைவு தப்பி வந்து விழுகிறவனுக்கு முதலில் எதைப் பார்ப்பது, எதை நம்பாமல் இருப்பது, எப்போது வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது, அதை இன்னும் பத்துப் பேருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது நீ கற்ற வித்தை. என் மூன்று வரிப் போர்டில் அதற்கு இடம் இல்லை. மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

மகளே, இதை நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே. விடாதே, நில், போராடு என்று நான் சொல்லவில்லை. நீ களைத்துப் போயிருக்கிறாய், அந்தப் பையனின் தாய் முகம் உன் கண்ணை விட்டுப் போகாது, எனக்குப் புரிகிறது. களைப்பினால் விடுகிறாய் என்றால் விடு, விட்டுவிட்டு ஒரு வருஷம் சும்மா இரு, இங்கே வந்து கடற்கரையில் பேத்தியோடு நண்டு பிடி, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. ஆனால் என் போர்டுக்காக விடாதே. நீ யாருக்கும் டாக்டர் இல்லை என்று இனிமேல் சொல்லாதே, எனக்கு டாக்டர் நீதான், உன் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கை வழியாக வந்தாய். நான் பதினொரு வருஷமாக உன்னைப் பார்த்தபோதெல்லாம் எப்போது கிளினிக் எப்போது கிளினிக் என்று கேட்டது உனக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அங்கே அந்தப் பையன், இங்கே இந்த அத்தா, இரண்டு பக்கமும் சேர்ந்துதான் உன்னை அழ வைத்திருக்கிறது. என் பக்கத்துப் பாரத்தை இன்றைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். எப்போதாவது நம் பக்கம் வந்தே இருக்கலாம் என்று உனக்கே தோன்றினால், டாக்டர் ஹெலன் உன்னை விசாரித்தார், அங்கேயும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமாம். அது அவர் சொன்னது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அக்ரிலிக் ஷீட் என்ன ஆயிற்று என்று கேட்பாய். கம்ப்யூட்டரில் அடித்த உன் பெயரையும் படிப்பையும் எடுத்துவிட்டு, ஷீட்டில் சிவப்பு ஒட்டினேன், வெள்ளையில் 'அவசர சிகிச்சை' என்று போட்டேன், எட்டு கிலோமீட்டர், இடது பக்கம் ஒரு அம்புக்குறி, இருட்டில் ஹெட்லைட் பட்டால் மின்னுகிற எழுத்து. ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் பஞ்சாயத்திலும் சம்மதம் வாங்கிக்கொண்டு, முந்தாநாள் நானும் லட்சுமணனும் போய்க் கோவளம் திருப்பத்தில், அவன் வழி தவறின அதே இடத்தில், இரும்புக் குழாய் நட்டு மாட்டினோம். கோணலாக இருக்கிறதா என்று நாலு பக்கமும் நின்று பார்த்தேன், ஒரு நூல் அளவு கோணல் இல்லை. லட்சுமணன் இறங்கி வந்து, இன்னா பாய், பாப்பாவுக்குன்னு வெச்சிருந்த ஷீட்டாச்சே, அது பேரு எங்க கீது என்றான். இதுதான்டா அவ போர்டு என்றேன். போர்டு அடிச்சு மாட்டிடுங்க அத்தா என்று நீ சொன்னாயே, மாட்டியாகிவிட்டது. இனி முப்பதாம் தேதி நீ அந்த லெட்டரைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

முபஷ்ஷிரிடம் முறுக்கும், உன் அம்மா அரைத்த மிளகாய்த் தூளும், பேத்திக்கு இரண்டு பாவாடையும் கொடுத்திருக்கிறேன். டியூட்டியில் பதினொரு மணி நேரம் சாப்பிடாமல் நிற்காதே, சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று உன் அத்தாவைக் கேள், சொல்வார். மாப்பிள்ளைக்கு சலாம், பேத்திக்கு முத்தம். அல்லாஹ் உன் கைக்கு பரக்கத் கொடுக்கட்டும், உன் மனசுக்கு நிம்மதி கொடுக்கட்டும், உன்னிடம் வந்து விழுகிறவர்களுக்கெல்லாம் ஷிஃபா கொடுக்கட்டும். நான் சொல்லாமல் மறைத்ததற்காக என்னைத் திட்டு, உன் அம்மாவைத் திட்டாதே. எந்த பாகத்துக்கு டாக்டர் என்று அன்று கேட்ட அச்சரப்பாக்கத்துக்காரர் அடுத்த மாதம் தன் பேத்தி கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார், பந்தியில் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன், உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சை டாக்டர் ஜன்னாவின் அத்தா,
ஷஃபியுல்லா